முஸாபிர் மாணவர்களுக்கு நம் வீட்டில் ஓர் இடம்



ஹஜ்ஜுப் பெருநாள் காலை. ஈத்காவில் தொழுகை முடிந்து மக்கள் ஒருவரை ஒருவர் தழுவி ஸலாம் சொல்லிக் கலைகின்றனர். வீட்டுக்கு வீடு அடுப்பு எரிகிறது. புத்தாடை உடுத்த பிள்ளைகள் தெருவில் ஓடி விளையாடுகின்றனர். அதே நேரத்தில் ஏதோ ஒரு நகரத்து மாணவர் விடுதியில், சமையற்கூடம் பூட்டிக் கிடக்க, முதல் நாள் வாங்கி வைத்த ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருக்கும் ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். அவனுக்கும் தாய் இருக்கிறாள், தெரு இருக்கிறது, பெருநாளும் இருக்கிறது. ஆனால் அவை யாவும் கடலுக்கு அப்பால் இருக்கின்றன!

இத்தகைய மாணவர்கள் நம் நாட்டில் ஒருவர் இருவர் அல்லர். 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 170 நாடுகளைச் சேர்ந்த 46,878 மாணவ மாணவியர் இந்தியாவில் பயின்றனர். அவர்களில் கால் பங்குக்கும் சற்று அதிகமானோர் நேபாளத்தினர். ஆப்கானிஸ்தான், வங்காளதேசம், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். நம் தமிழகத்தின் பல்கலைக்கழகங்களிலும் இவர்களைக் காணலாம்.

இவர்களை வரவேற்கும் பணிக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் யார் தெரியுமா? இந்தியாவின் முதல் கல்வியமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்கள்தாம். 1950ஆம் ஆண்டு இந்திய கலாசார உறவுகள் குழுவை நிறுவியவர் அவர்களே. அக்குழு வழங்கும் உதவித்தொகையைக் கொண்டு ஆண்டுதோறும் பல நாட்டு மாணவர்கள் இங்கு வந்து பயில்கின்றனர். மௌலானா பிறந்த நவம்பர் 11ஆம் நாளை அக்குழு அயல்நாட்டு மாணவர் தினமாகக் கொண்டாடுகிறது.

ஆனால் உதவித்தொகை கல்லூரியின் கதவைத்தான் திறக்கும். வீட்டின் கதவை நாம்தான் திறக்க வேண்டும். அப்படித் திறந்தபோது எளியேன் கற்ற பாடங்களை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கடன்பட்டவன் நான்

திருச்சியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்த காலம். ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊர் செல்லக் கையில் பணமில்லை. விடுதியில் நானும் காவலாளியும் மட்டுமே இருந்தோம். தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாயிலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என்னை, முன்பின் அறியாத ஒரு ஜவுளி வியாபாரி பார்த்து, “தம்பி, சாப்பாடு எங்கே?” என்று கேட்டார். நான் விடை சொல்லத் தயங்கினேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பற்றி வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிட்டார். அன்று உண்டது என்ன என்பது மறந்துவிட்டது. கை பற்றிய வெப்பம் மட்டும் இருபத்தைந்து ஆண்டுகளாகியும் ஆறவில்லை.

அந்தக் கடனை அவருக்கே திருப்பிச் செலுத்த வழியில்லை. 2025ஆம் ஆண்டு, அறிமுகமான ஒரு பேராசிரியர் தொலைபேசியில் அழைத்தார். “விடுமுறையில் ஊருக்குப் போக இயலாத மூன்று மாணவர்கள் இருக்கிறார்கள். பெருநாளுக்குக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பட்டுமா? கல்வராயன் மலையையும் சுற்றிக் காட்டுங்கள்” என்றார். “அனுப்புங்கள்” என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மனைவியிடம் கேட்டேன். இது என் முதல் தவறு!

“வரட்டும், ரிஸ்கு அல்லாஹ் தருவான். ஆனால் வயது வந்த பெண் பிள்ளைகள் இருக்கிற வீடு. படுக்க எங்கே வைப்பீர்கள்?” என்று அவர் கேட்டார். முறையான கேள்வி. அடுத்த வீட்டு ஹாஜியாரின் மாடி காலியாக இருந்தது. இரவில் அங்கே உறக்கம், உணவு எங்கள் வீட்டுக் கூடத்தில் என்று முடிவாயிற்று. விருந்தினருக்கும் கூச்சமில்லை, வீட்டுப் பெண்களுக்கும் இடையூறில்லை.

அரஃபா நாளின் மாலை

ஜூன் 6, வெள்ளிக்கிழமை மாலை மூவரும் வந்து இறங்கினர். ஒருவர் சூடான் நாட்டினர்; பொறியியல் மாணவர். 2023 ஏப்ரலில் மூண்ட போரால் வீடிழந்து, அவருடைய தாயார் எகிப்தில் தஞ்சம் புகுந்திருந்தார். இரண்டாமவர் ஆப்கானியர், வேளாண்மை பயில்பவர். மூன்றாமவர் தான்சானியா நாட்டுக் கிறித்தவர், வணிகவியல் மாணவர். என்னை மூவருமே “உஸ்தாத்” என்று அழைத்தனர். அரபியும் ஆங்கிலமும் கைச்சாடையும் கலந்த ஒரு புது மொழி எங்கள் வீட்டில் பிறந்தது.

அன்று நமக்கு அரஃபா நோன்பு. முஸ்லிம் மாணவர் இருவரும் நோன்போடு வந்திருந்தனர். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தை நீட்டியபோது சூடான் மாணவரின் தொலைபேசி ஒலித்தது. அவருடைய தாயார்! எகிப்தில் அன்றே பெருநாள். “ஈத் முபாரக், மகனே” என்று அந்தத் தாய் சொல்ல, இவர் நோன்பு திறக்கப் பழத்தைக் கையில் வைத்திருக்கிறார்! ஒரே குடும்பம், ஒரே பெருநாள், இடையில் ஒரு நாள் இடைவெளி. அவர் பேசி முடிக்கும்வரை எங்கள் வீட்டில் எவரும் பேசவில்லை.

நான் செய்த இரண்டாவது தவறு

பெருநாளன்று பகல், விருந்தினரைப் பெருமைப்படுத்துவதாக எண்ணி முப்பது பேரை விருந்துக்கு அழைத்திருந்தேன். பிரியாணிச் செலவில் பாதி கடன். வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்களே. ஆனால் ஒவ்வொருவரும் மாணவர்களின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டனர். சூடான் மாணவரின் சுருள்முடியைத் தொட்டுப் பார்த்தவர்களும் உண்டு. “உங்கள் நாட்டில் சண்டையாமே, உங்கள் வீட்டில் யாராவது இறந்தார்களா?” என்று உணவுத் தட்டின் முன்னே கேட்டவரும் உண்டு. அடுக்களையில் என் மனைவியும் மகள்களும் விடியற்காலை முதல் பிற்பகல்வரை உட்காரவில்லை. பெருநாளன்று அவர்கள் உண்டது அஸருக்குப் பின்னர்தான்.

இரவு ஆப்கானிய மாணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “உஸ்தாத், தவறாக எண்ண வேண்டாம். நாளைக்கு உங்கள் வீட்டார் உண்பதையே உங்களோடு மட்டும் அமர்ந்து நாங்களும் உண்ணலாமா?”

எனக்குச் சுருக்கென்றது. நான் விருந்தினரை அழைத்து வந்தேனா, காட்சிப் பொருளை அழைத்து வந்தேனா?

ஆண்டுக்கணக்கில் மத்ரஸாவில் நான் பாடம் நடத்தும் செய்திதான் அது! தம்மிடம் விருந்தினர் வந்தபோது இப்ராஹீம் (அலை) அவர்கள் ஆரவாரமின்றி வீட்டாரிடம் நழுவிச் சென்று, பொரித்த கன்றின் இறைச்சியைக் கொணர்ந்து வந்தவர்களின் அருகில் வைத்த செய்தியைத் திருமறை நமக்கு எடுத்துரைக்கிறது. ‘உங்களுக்காக இதைச் செய்யப் போகிறேன்’ என்ற அறிவிப்பு அங்கே இல்லை. மதீனாவின் அன்ஸாரித் தோழர் ஒருவர், வீட்டிலிருந்த சிறிதளவு உணவு விருந்தினருக்கே போய்ச் சேரட்டும் என்று விளக்கை அணைத்து, தாமும் உண்பதுபோல் பாவனை செய்த நிகழ்ச்சியும் நாம் அறிந்ததே. அவர் விளக்கை அணைத்து உபசரித்தார். நானோ ஊரைக் கூட்டி விளக்கேற்றி உபசரித்தேன்!

மறுநாள் ரசமும் கீரையும் முட்டையும்தான். மூவரும் வயிறார உண்டனர். உண்ட தட்டைத் தாமே கழுவி வைத்தனர். தடுத்தபோது, “மகன் கழுவக் கூடாதா?” என்றார் தான்சானியா மாணவர். என் மனைவி அதற்குப் பின் தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

ஜூன் 8, ஞாயிறு. கிறித்தவ மாணவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் காலையில் எழுந்து குளித்து, வெள்ளைச் சட்டை அணிந்து அமர்ந்திருந்தார். அன்று அவர்களுக்குப் பெந்தெகொஸ்தே திருநாள் என்பது பிறகுதான் தெரிந்தது. என் மூத்த மகன் அவரை நகரிலுள்ள தேவாலயத்துக்கு மிதிவண்டியில் அழைத்துச் சென்று, வழிபாடு முடியும்வரை வெளியே காத்திருந்து கூட்டி வந்தான். ஒரு மத்ரஸா ஆசிரியர் வீட்டிலிருந்து தேவாலயத்துக்கா என்று உங்களுள் சிலர் வினவலாம். நஜ்ரானிலிருந்து வந்த கிறித்தவத் தூதுக் குழுவினரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாப் பள்ளிவாசலிலேயே வரவேற்றதையும், அங்கேயே அவர்கள் தம் முறைப்படி வழிபட அனுமதித்ததையும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நான் செய்தது அதில் எத்தனையில் ஒரு பங்கு?

பிற்பகலில் மரச்சிற்பக் கூடங்களைப் பார்க்கச் சென்றோம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. உளியால் கொடியும் பூவும் பிறக்கும் ஒரு நிலைக்கதவின் முன் தான்சானியா மாணவர் நெடுநேரம் நின்றுவிட்டார். அவர்கள் நாட்டின் சான்ஸிபார்த் தீவிலும் இத்தகைய செதுக்கு வேலைக் கதவுகள் புகழ் பெற்றவை. அவற்றுள் ஒருவகை, இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்ற வணிகர்களின் செல்வாக்கால் உருவானது. “என் பாட்டி வீட்டு வாசலில் நிற்பதுபோல் இருக்கிறது” என்றார் அவர்.

திரும்பும் வழியில் அவரே ஓர் உண்மையைச் சொன்னார்: “உஸ்தாத், இங்கே வருமுன் உங்கள் ஊரின் பெயரைக் கைபேசியில் தேடிப் பார்த்தேன். வந்தது ஒரே செய்திதான்.”

எந்தச் செய்தி என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் எங்கள் ஊர்க் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. விதவைகளும் அநாதைகளுமாய் ஒரு தெருவே நின்றது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் பெயரை உலகம் அறிந்தது இப்படித்தான்! மறைக்காமல் நடந்ததைச் சொன்னேன். விருந்தினரிடம் ஊரின் புண்ணை மறைத்து அருவியை மட்டும் காட்டுவது நேர்மையாகாது.

தண்ணீரில்லாத அருவி

திங்கட்கிழமை காலை மூவரோடும் என் மகனோடும் மலைக்கு அரசுப் பேருந்தில் புறப்பட்டேன். கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே பேருந்து மலையேறுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. சேர்வராயன், ஜவ்வாது, பச்சைமலை ஆகியவற்றின் உறவு. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பிரிவுகள். எங்கள் பகுதியின் வயல்களுக்கு நீரூட்டும் கோமுகி, மணிமுத்தா ஆறுகள் இம்மலையில் பிறப்பவை.

இங்கு வாழும் பழங்குடியினர் ‘மலையாளிகள்’ எனப்படுவர். கேரள மக்களோடு இப்பெயரைக் குழப்பிக்கொள்ளலாகாது. மலையை ஆள்பவர் என்றே பொருள் கூறுவர். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்து குடியேறியதாக அவர்களிடையே மரபுச் செய்தி வழங்குகிறது. 1976ஆம் ஆண்டு அரசு நேரடியாக எடுத்துக்கொள்ளும்வரை, இம்மலை மூன்று ஜாகிர்தார்களின் கீழ் இருந்தது. இவற்றையெல்லாம் நூலகத்தில் படித்துக்கொண்டு வந்து பேருந்தில் விரிவுரை ஆற்றினேன். மாணவர்கள் பணிவோடு கேட்டனர்.

கள்ளக்குறிச்சியில் மூட்டையோடு ஏறிய மூதாட்டி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். விரிவுரையில் மூழ்கியிருந்த நான் கவனிக்கவில்லை. சூடான் மாணவர் எழுந்து தம் இடத்தை அவருக்குக் கொடுத்து, மூட்டையையும் தம் காலடியில் வாங்கி வைத்துக்கொண்டார். மூதாட்டி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“இவங்க எந்தூரு சாமி?”

“கடல் தாண்டி, ஆப்பிரிக்கா. அருவி பார்க்கக் கூட்டிப் போகிறேன்.”

“அருவியில ஏது தண்ணி? ஐப்பசி மழ புடிக்கணும். அம்மாடி, அவ்ளோ தூரத்துலருந்து தண்ணி இல்லாத அருவியப் பாக்க வந்தாங்களா?”

பேருந்தே சிரித்தது. அவர் சொன்னதுதான் நடந்தது. பெரியார் அருவியில் பாறையின் மேல் ஒரு நூல்போல் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. மழை முடிந்த மாதங்களில் பார்த்த நினைவில், காலம் பாராமல் அழைத்து வந்தது என் மூன்றாவது தவறு. வெட்கத்தோடு சாலைக்குத் திரும்பி, பேருந்துக்காகக் காத்திருந்தோம். வெயில் ஏறிற்று. பேருந்து வரவில்லை.

சிற்றூர் ஒன்று அருகில் இருந்தது. அங்கிருந்து ஒரு சிறுவன் ஓடி வந்து, “எங்க பாட்டி கூப்புடுது” என்றான். பேருந்தில் வந்த அதே மூதாட்டி!

மலைவீட்டில் விருந்தாளிகள்

சாணம் மெழுகிய திண்ணை. முற்றத்தில் பலாமரம். மூதாட்டி ஒரு பழத்தை அறுத்துச் சுளைகளை எடுத்து வைத்தார். பிறகு, “சாமச்சோறு இருக்குது, அவரக்கொழம்பு இருக்குது. எங்க வூட்டுச் சோறு நீங்க சாப்புடுவீங்களா?” என்று கேட்டார்.

வாசகர்களே! இங்கே நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு கணம், என் நா ஒரு சாக்குப் போக்கைத் தேடியது. ‘நேரமாகிவிட்டது’ என்று சொல்லலாமா, ‘இப்போதுதான் உண்டோம்’ என்று சொல்லலாமா என்று மனம் கணக்கிட்டது. சாமைச் சோற்றிலும் அவரைக் குழம்பிலும் விலக்கப்பட்டது என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. தடுத்தது மார்க்கமன்று, சமவெளியில் வாழ்பவன் மலைவாசியைப் பார்க்கும் பழைய பார்வை. நான் தடுமாறி முடிப்பதற்குள் சூடான் மாணவர் பிஸ்மில்லாஹ் சொல்லித் திண்ணையில் அமர்ந்துவிட்டார். அவருக்கு மலையும் தெரியாது, சமவெளியும் தெரியாது. ஒரு பாட்டி சோறு போடுகிறார் என்பது மட்டும் தெரியும்.

உண்டு முடித்தோம். லுஹர் நேரம் வந்தது. தொழ வேண்டும் என்றேன். மூதாட்டி ஒரு கோரைப் பாயைத் தட்டி முற்றத்து நிழலில் விரித்தார். உளூச் செய்யப் பேத்தி ஒரு குடம் நீரைக் கொண்டுவந்து வைத்தாள். நீர் எங்கிருந்து வருகிறது என்று ஆப்கானிய மாணவர் கேட்டார். பள்ளத்திலுள்ள ஊற்றிலிருந்து அந்தச் சிறுமி தலையில் சுமந்து வருவதாம். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நபி (ஸல்) அவர்கள் இரு கை கொள்ளும் அளவான ஒரு ‘முத்து’ நீரில் உளூச் செய்திருக்கிறார்கள் என்று பாடம் நடத்துகிறேனே, அன்றுதான் அந்த அளவில் உளூச் செய்தேன். ஒரு குடத்தில் பாதிகூடக் குறையவில்லை.

புறப்படும்போது மூதாட்டி கேட்டார், “நீங்களும் வெளிநாடா சாமி?”

“இல்லை அம்மா, கள்ளக்குறிச்சிதான்.”

அவர் வியப்போடு சொன்னார்: “கள்ளக்குறிச்சிலருந்து வருவாங்க. கடுக்கா வாங்க வருவாங்க, புளி வாங்க வருவாங்க, அருவியில குளிக்க வருவாங்க. சாராயம் தேடிப் போலீசும் வரும். வூட்டுல உக்காந்து யாரும் சாப்புட்டதில்ல.”

பதினெட்டு ஆண்டுகளாகக் கள்ளக்குறிச்சியில் மத்ரஸா ஆசிரியனாய் இருக்கிறேன். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி எத்தனை பயான் செய்திருப்பேன்! ஒரு பேருந்துச் சீட்டுத் தூரத்திலுள்ள மலையில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு இருக்கவில்லை. அதைக் காட்ட சூடானிலிருந்து ஒரு மாணவர் வர வேண்டியிருந்தது. மனிதரைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று இறைவன் திருமறையின் ஹுஜுராத் அத்தியாயத்தில் உணர்த்துகிறான். அறிந்துகொள்ளுதல் என்றால் படம் எடுத்துக்கொள்ளுதல் அன்று. ஒரே பாயில் அமர்தல் என்று அன்றுதான் புரிந்தது.

இது நமக்குப் புதியதன்று

கல்வி தேடியும் உலகம் காணவும் புறப்படுவோரை வீட்டில் வைத்துப் போற்றுவது நம் முன்னோரின் வழக்கம். 1325ஆம் ஆண்டு தம் 21ஆம் வயதில் தான்ஜியரிலிருந்து புறப்பட்டு, நம் மதுரை வரை வந்த பயணி இப்னு பதூதா, ஊர்தோறும் பிறர் இல்லங்களிலும் தைக்காக்களிலும் தங்கியே பயணம் செய்தார். இன்றைய துருக்கியிலுள்ள லாதிக் என்னும் ஊரில் அவர் நுழைந்தபோது, சிலர் ஓடி வந்து குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தனர். வேறு சிலர் வந்து அவர்களோடு சண்டையிட்டுக் கத்தியையும் உருவினர். கொள்ளையர் என்று அவர் நடுங்கினார். அரபி அறிந்த ஒருவர் வந்து விளக்கிய பிறகுதான் உண்மை தெரிந்தது. ‘அகீ’ எனப்படும் சகோதரத்துவக் குழுக்கள் இரண்டு, இவர் யார் வீட்டு விருந்தினர் என்பதற்காகவே சண்டையிட்டுக்கொண்டிருந்தன! இறுதியில் சீட்டுக் குலுக்கித் தீர்த்துக்கொண்டனர்.

மேலை நாட்டினர் இதையே ஓர் அமைப்பாக்கிச் செய்கின்றனர். அமெரிக்கரான டொனால்டு வாட் 1932ஆம் ஆண்டு, இளைஞர்களை அயல்நாட்டுக் குடும்பங்களோடு தங்கவைக்கும் திட்டத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தில் 1987ஆம் ஆண்டு, அயல்நாட்டு மாணவர்களை ஓரிரு நாள் குடும்பங்களுக்கு அனுப்பிவைக்க ‘ஹோஸ்ட்’ என்னும் தொண்டு அமைப்பு உருவாயிற்று. விருந்தினரைக் கண்ணியப்படுத்துவதை ஈமானோடு இணைத்துப் படித்த நாம் இதில் பின்தங்கலாமா?

அழைப்போர் கவனிக்க

இத்தகைய மாணவர்களை அழைக்க விரும்புவோருக்குச் சில யோசனைகள்:

1. முதலில் வீட்டாரிடம் கேளுங்கள். உழைப்பவர் அவர்களே. ஒரு வேளைச் சமையலையேனும் ஆண்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

2. மாணவர் எனில் தனி அறையோ, அண்டை வீட்டு மாடியோ, ஜமாஅத்தின் விருந்தினர் அறையோ ஏற்பாடு செய்யுங்கள். மாணவியர் எனில் பெண்கள் நிறைந்த குடும்பங்கள் இருவர் இருவராக அழைப்பது சிறப்பு. இடமில்லாதோர் ஒரு பகல் உணவுக்கு மட்டும் அழைத்தாலும் போதும்.

3. கல்லூரியின் மூலமாகவே அழையுங்கள். அயல்நாட்டவரை வீட்டில் தங்கவைப்போர் 24 மணி நேரத்துக்குள் அரசின் இணையதளம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். இது விடுதிகளுக்கு மட்டுமன்று; வீடுகளுக்கும் உண்டு. எங்கள் ஊர் லாட்ஜ் உரிமையாளர் முதல் நாள் சொன்னதால் நான் தப்பித்தேன். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றம் மற்றும் அயல்நாட்டினர் சட்டத்திலும் இக்கடமை தொடர்கிறது. ஐயமிருப்பின் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

4. உண்ணும் உணவு, உண்ணாத உணவு, காரம், மருந்து ஆகியவற்றை முன்கூட்டிக் கேளுங்கள். நம் மிளகாய் எல்லோருக்கும் இனிக்காது!

5. போர், அகதி வாழ்வு, இழப்பு ஆகியவற்றைத் துருவிக் கேட்காதீர்கள். அவர்களே சொன்னால் செவி கொடுங்கள்.

6. பிற சமயத்தவராயின் அவர் வழிபாட்டுக்கு வழி செய்யுங்கள்.

7. அருவிக்கு அழைத்துச் செல்லுமுன் பருவத்தையும் பேருந்து நேரத்தையும் விசாரியுங்கள். மலைமக்களின் வீட்டையோ பெண்களையோ கேளாமல் படமெடுக்க விடாதீர்கள்.

8. விருந்தோம்பல் மூன்று நாள். அதற்குமேல் செய்வது தர்மம் என்பதும், விருந்தளிப்பவரை இக்கட்டில் தள்ளும் அளவு விருந்தினர் தங்கலாகாது என்பதும் நபிமொழியின் கருத்து. ஆகவே நாள் குறித்தே அழையுங்கள். கடன் வாங்கி உபசரிக்காதீர்கள்.

பிரிவும் தொடர்பும்

செவ்வாய்க்கிழமை மூவரும் புறப்பட்டனர். புறப்படுமுன் சூடான் மாணவர் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து, என் மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. என் மனைவிக்கு அரபியில் பேசத் தெரியாது. அங்கிருந்து துஆ வந்துகொண்டே இருந்தது; இங்கிருந்து ஆமீன் போய்க்கொண்டே இருந்தது.

தான்சானியா மாணவர் என் கையைப் பற்றிக்கொண்டு, “உஸ்தாத், இனி யாராவது கள்ளக்குறிச்சியைப் பற்றிக் கேட்டால், எனக்குச் சொல்ல வேறு செய்திகளும் உண்டு” என்றார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. குடும்பத்தோடு மலையேறினோம். பெரியார் அருவி பாறையை மறைத்துக்கொண்டு விழுந்தது. ஆனால் முதலில் போனது அருவிக்கு அன்று, பாட்டியின் வீட்டுக்கு. என் மகள்கள் அந்தப் பேத்தியோடு ஊற்றுக்குப் போய்க் குடம் சுமந்து வந்தனர். மார்கழியில் கண் மருத்துவத்துக்காகப் பாட்டி கள்ளக்குறிச்சிக்கு வந்தபோது, எங்கள் வீட்டில் இரண்டு இரவு தங்கினார். “ஒங்க வூட்டுச் சோறு நான் சாப்புடுவேனான்னு நீ கேக்கவே இல்லியே!” என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார்.

அன்பர்களே! அடுத்த பெருநாள் வருமுன், உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கல்லூரியில் வீடு செல்ல இயலாத மாணவர் எவரேனும் இருக்கிறாரா என்று ஒருமுறை விசாரியுங்கள். அப்படியே, உங்கள் ஊருக்கு அருகிலிருந்தும் நீங்கள் ஒருநாளும் அமர்ந்திராத திண்ணை எது என்றும் எண்ணிப் பாருங்கள். வல்ல அல்லாஹ் நம் வீடுகளை விருந்தினரால் நிரப்பி, அவற்றில் பறக்கத்தைப் பொழிவானாக! ஆமீன்.